கார் இல்லாத வீட்டுக்கு ஒரு கார் சீட்டு

மொதல்ல என்னையத்தான் செருப்பால அடிக்கணும். அந்த வண்டிக் கதைய எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குள்ள கொண்டாந்தது நாந்தான்.

ஞாயித்துக்கெழமையில கொட்டகலையில கஜனி டீச்சர் வீட்டுக்கு நான் வேலைக்குப் போவேன். ஆறு நாளு மலையில கொழுந்து எடுக்குறது, ஏழாவது நாளு டீச்சர் வீட்டக் கூட்டித் தொடைச்சு உடுப்புக் கழுவிப் போடுறது. டீச்சர் யாழ்ப்பாணத்து ஆளு. அவங்க வீட்டுக்காரரு கோபிசங்கர் சாருக்கு பேங்குல வேலை. ரெண்டு பேருக்கும் சொந்த ஊருக்கே மாத்தல் கெடைச்சு, வீடு பூராவும் பொட்டி கட்டிக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்குப் போயிப் பாத்தா மூலையில ஒரு புள்ள வண்டி நிக்குது. நாலு சக்கரம், மேல கறுப்புக் கூடாரம். அது மேல கொழுவுன மாதிரி ஒரு சீட்டு, தோளுக்கும் இடுப்புக்கும் பட்டி வச்சது.

"அம்மாக்கண்ணு, உங்கட தோட்டத்தில பிள்ளை பெறப்போற ஆக்கள் ஆரும் இருக்கினமே?"ன்னு டீச்சர் கேட்டாங்க. "இது வண்டியும் கார் சீற்றும் ஒண்டாச் சேர்ந்தது. தம்பி கனடாவில இருந்து கொண்டு வந்தவன். காரில போகேக்க சீற்றை மட்டும் கழட்டிப் பூட்டலாம். இறங்கினாப் பிறகு வண்டியில கொழுவித் தள்ளிக்கொண்டு போகலாம். கடையில புதுசு லட்சத்துக்கு மேல. நான் நாப்பதுக்குத் தாறன்."

நான் சிரிச்சிட்டேன். எங்க லயத்துக்கு ஏறுற படி தொண்ணூத்தி நாலு. அதுல பாதி மழைக்குப் பேந்து போயிருச்சு. "டீச்சர், எங்க பக்கம் ஆடே வழுக்கி விழுகுது. இந்தச் சக்கரம் எங்கங்க உருளப் போகுது"ன்னேன். அதோட விட்டிருக்கணும். எனக்குத்தான் வாயி சும்மா கெடக்காதே.

மறுநாளு மலையில பொம்பளைங்ககிட்ட அதச் சொல்லிச் சிரிச்சேன். காத்து மாசம், மூடுபனி ஏறி எறங்கிக்கிட்டு இருந்திச்சு. ஒரு நெரையில நிக்கறவளுக்கு அடுத்த நெரையில நிக்கறவ தெரியல, சத்தம் மட்டுந்தான் கேக்குது. "தோளுக்கு ஒரு பட்டி, இடுப்புக்கு ஒரு பட்டி, காலுக்கு நடுவுல ஒரு பட்டி. கட்டிட்டா குப்புறக் கவுத்தாலும் புள்ள விழாதாம்டி"ன்னு சத்தமாச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாளுக.

நிலக்ஷி சிரிக்கல. ஏழு மாச வயித்தத் தூக்கிக்கிட்டு பனிக்குள்ள இருந்து எம் பக்கத்துல வந்து நின்னா.

"குப்புறக் கவுத்தாலும் விழாதாமா அக்கா?"

அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. நாக்கக் கடிச்சுக்கிட்டேன். சொன்ன சொல்ல திருப்பி முழுங்க முடியுமா?

நிலக்ஷி எம் பக்கத்துக் காம்பரா. நடுவுல ஒரு பலகைச் சுவருதான், அவங்க தும்முனா நான் நூறுன்னு சொல்லலாம். புருசன் கிஷாந்து ஆட்டோ ஓட்டுறான். மாமியார் ராசம்மா, வேலைய விட்டு நின்ன ஆளு, வீட்டுக்குப் பின்னால மரக்கறித் தோட்டம் போட்டுருக்கு. இந்த வீட்டுல இதுக்கு முன்னாடி ஒரு புள்ள இருந்திச்சு. யதுஷின்னு பேரு. அஞ்சு மாசம். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஊரே வரிசையில நின்னுச்சே, அந்த வருசம். ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டு கிஷாந்து ஆட்டோவுல திரும்பி வந்தாங்க. நல்ல மழை. ஆத்துப் பாலத்து வளைவுல ஆட்டோ குழியில எறங்கி ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு. புள்ள வெளிய விழுந்திருச்சு. பெரியவங்க ரெண்டு பேருக்கும் சிராய்ப்புத்தான்.

தாயி கையில இருந்து புள்ள நழுவிருச்சுன்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க. போலீசுலயும் அப்புடித்தான் எழுதுனாங்க, நிலக்ஷியே வாயால சொல்லி ஒப்பம் வச்சா. அன்னையில இருந்து அவளுக்கு அதுதான் பேரு. கைநழுவுனவ. ராசம்மாக்கா பீலியில தண்ணி புடிக்கும்போது சொல்லும், கோயில்ல சொல்லும், கடையில சொல்லும். "எம் மருமக கைநழுவுனவ, அவள நம்பி ஒரு கோப்பையக் குடுக்க முடியாது." எங்க கேங்குல சின்னப்புள்ளக்காரி எவளும் நிலக்ஷி கையில புள்ளையக் குடுக்க மாட்டா. நானும் குடுக்கல. பொய் சொல்லி என்னா ஆகப் போகுது. ஒரு நா எம் பேரனப் பாத்து அவ ரெண்டு கையையும் நீட்டுனா. "சளி புடிச்சிருக்குடி"ன்னு சொல்லிட்டு நான் உள்ள தூக்கிக்கிட்டுப் போயிட்டேன்.

இப்ப இந்த வயித்துல இருக்கறதுக்கும் ராசம்மாக்கா சட்டம் போட்டு வச்சிருந்திச்சு. "பொறந்த அன்னைக்கே நான் வாங்கிக்கிருவேன். பால் குடுக்க மட்டும் அவகிட்ட குடுப்பேன், நான் பக்கத்துல ஒக்காந்துதான். கிளினிக்குக்கு நாந்தான் தூக்கிட்டுப் போவேன். அவ தூக்குனா அவ கைய முறிச்சிருவேன்." இத அந்தப் புள்ளையோட மொகத்துக்கு நேராச் சொல்லும். கிஷாந்து அங்கனயே ஒக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருப்பான், வாயத் தொறக்க மாட்டான்.

அன்னைக்குச் சாயந்தரம் அவங்க வீட்டுல பேச்சு ஆரம்பிச்சிருச்சு. நான் அடுப்புல ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். சுவருக்கு அங்கிட்டு ராசம்மாக்கா சத்தம்.

"பிரேமா? எந்தப் படத்துக்குடி பிரேம் போடப் போற?"

"பிரேம் இல்ல மாமி, பிறாம். புள்ள தள்ளுற வண்டி."

"தள்ளி எங்க கொண்டு போகப் போற? படியில தள்ளி விடவா? ஒன்னு தள்ளுனது பத்தாதா?"

எங் கையில ரொட்டி அப்புடியே நின்னுச்சு. அடுப்ப அணைச்சுட்டு அங்கிட்டுப் போனேன்.

நிலக்ஷி கதவு ஓரமா ஒக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. தலையத் தூக்கல. ஆனா பேச்சு நிக்கல.

"வண்டி வேணாம் மாமி. அது எனக்கும் தெரியும். அந்த சீட்டு மட்டும் வேணும். புள்ளைய அதுல கட்டி வச்சு நானே கிளினிக்குக்குக் கொண்டு போவேன்."

"பொறக்காத புள்ளைக்குச் சாமான் வாங்குனா வீட்டுக்கு ஆகாதுடி. எந்த வீட்டுல செய்வாங்க அப்புடி? தொட்டில் கட்ற சீலையக்கூட பொறந்தப்புறந்தான் கிழிக்கறது. அம்மாக்கண்ணு, நீயே சொல்லு. ஒனக்கு வேற வேலை இல்லையா? டீச்சர் வீட்டுக் குப்பையெல்லாம் இங்க வந்து கூவி விக்கறியா?"

"நான் எங்க வித்தேன், சிரிக்கறதுக்குச் சொன்னேன்"னேன்.

"சிரிச்சது போதும். கார் இல்லாத வீட்டுக்கு கார் சீட்டு. ஊரே வாயால சிரிக்காது."

கிஷாந்து ஆட்டோச் சாவிய வெரல்ல சுத்திக்கிட்டு இருந்தான். "ஆட்டோவுல வைக்கலாமா அத?"ன்னு என்னையக் கேட்டான்.

"எனக்கு என்னப்பா தெரியும். காருல பூட்டறதுன்னு டீச்சர் சொன்னாங்க."

"சும்மா பாத்துட்டு வருவோம்மா"ன்னு அவங்கம்மாகிட்டச் சொன்னான். "பாக்கறதுக்குக் காசா கேக்கறாங்க. ஏழு மாசக்காரி கேக்கறா, இல்லன்னு சொன்னா ஏங்கிப் போவா."

பெருசா இரக்கப்பட்டுச் சொல்றான்னு நான் நெனச்சேன். சண்டைய நிப்பாட்டத்தான் சொன்னான்னு பெறகுதான் புரிஞ்சிச்சு. இவன் எப்பவும் அப்புடித்தான். ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா நடுவுல ஒரு பொய்யப் போட்டு நிப்பாட்டிருவான்.

ஞாயித்துக்கெழமை அவன் ஆட்டோவ எடுத்து லயத்துக்குக் கீழ நிப்பாட்டி ஹார்ன் அடிச்சான். நிலக்ஷி ஏறல. "நீங்க போங்க, நான் அக்காகூட பஸ்ஸுல வாரேன்"னா. புள்ள போனதுல இருந்து அவ அந்த ஆட்டோவுல கால வச்சதில்ல. பயம்னு நாங்க பேசிக்கிருவோம். பஸ்ஸுல எடமில்ல, வயித்தப் பாத்து ஒரு சிங்களப் பொடியன் எந்திரிச்சு எடம் குடுத்தான். அவ ஜன்னலோரம் ஒக்காந்து மடியில ரெண்டு கையையும் கோத்து வச்சுக்கிட்டு வந்தா.

டீச்சர் எங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தாங்க, பிஸ்கெட் குடுத்தாங்க. பெறகு வண்டிய முத்தத்துக்குக் கொண்டாந்து காட்டுனாங்க. ஒரு தலவாணிய புள்ள மாதிரி சீட்டுல வச்சு, பட்டியப் பூட்டி, "பிடிச்சு இழுத்துப் பாருங்கோ"ன்னாங்க. நிலக்ஷி இழுத்துப் பாத்தா. மெதுவா இல்ல, ஒரு கால ஊனிக்கிட்டு வெறி புடிச்ச மாதிரி இழுத்தா. தலவாணி வரல. அவ கண்ணு கலங்கிருச்சு, ஆனா மொகத்துல ஒரு சந்தோசம். ரெண்டு வருசத்துல அந்த மொகத்த நான் அப்புடிப் பாக்கல.

"உங்கட வாகனம் என்ன?"ன்னு டீச்சர் கிஷாந்தக் கேட்டாங்க.

"ஆட்டோங்க."

டீச்சர் கொஞ்சம் யோசிச்சாங்க. நல்ல மனுசி, விக்கணும்னா வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "ஆட்டோவில பின்னுக்கு பெல்ற் இருக்கே?"

"இல்லைங்க."

"அப்ப இதை என்னெண்டு பூட்டுறது? காரில சீற் பெல்ற்றாலதான் இதை இறுக்கிறது. பிள்ளை இதுக்குள்ள இறுக்கமா இருக்கும், ஆனா இது வாகனத்தில இறுக்கமா இருக்கோணுமே. இல்லாட்டி பிள்ளையோட சேர்ந்து இதுவும் எல்லே விழும்."

நிலக்ஷி மொகம் செத்துப் போச்சு. கிஷாந்து அதக் கவனிக்கல. "வச்சுத்தான் பாப்பமே"ன்னு சீட்டத் தூக்கிட்டுப் போயி ஆட்டோ பின் சீட்டுல வச்சான். ஆட்டிப் பாத்தான். அது அங்கிட்டும் இங்கிட்டும் வழுக்கிச்சு. அவன் சிரிச்சுக்கிட்டே திரும்பி, பொஞ்சாதிகிட்டச் சொன்னான்.

"அதுக்கென்னா, நீ பக்கத்துல ஒக்காந்து ஒரு கையால புடிச்சுக்க. நிக்கும்."

அவ்வளவுதான் சொன்னான்.

நிலக்ஷி டீச்சர் முத்தத்துல நின்னபடி அவனையே பாத்தா. அவ தாடை ஆடுது. நான் ஏதோ மயக்கம் வருதுன்னு தோளப் புடிச்சேன், எங் கையத் தட்டி விட்டுட்டா.

"அன்னைக்கும் இதத்தான சொன்னீங்க"ன்னா.

கிஷாந்து சிரிப்பு நின்னுருச்சு. "இப்ப எதுக்கு அது"ன்னான் மெதுவா. "வா, வீட்டுல போயிப் பேசுவோம்."

"வீட்டுல எங்க பேச விட்டீங்க? ரெண்டு வருசமா வாயத் தொறந்தீங்களா? இங்க பேசுவோம். ஒரு கையால மூட்டையப் புடிச்சுக்க, விட்டுறாதன்னு சொன்னீங்களா இல்லையா?"

"என்னா மூட்டைடி?"ன்னு நான் கேட்டேன்.

"ஒர மூட்டைக்கா. யூரியா." அவ எம் பக்கம் திரும்பவே இல்ல, அவனப் பாத்தே பேசுனா. "ஒரமே கெடைக்காத வருசம் அது. மாமியோட லீக்ஸ் தோட்டம் மஞ்சளாப் போச்சுன்னு தெனமும் பொலம்பல். யாருகிட்டயோ ஒரு மூட்டை வருதுன்னு போன் வந்திச்சு. பெட்ரோல் இருக்கறதே கொஞ்சம், புள்ளைக்கு ஊசி போட்டுட்டு வார வழியில அதையும் ஏத்திக்கிருவோம்னாரு. எம் பக்கத்துல சீட்டுல நிப்பாட்டுனாரு. புள்ளைய ஒரு கையில வச்சுக்க, மூட்டை வெளிய சரிஞ்சிராம ஒரு கையால புடிச்சுக்கன்னாரு. வழி பூராவும் திரும்பித் திரும்பிக் கேட்டாருக்கா, மூட்டையப் புடிச்சிருக்கியா, மூட்டையப் புடிச்சிருக்கியான்னு."

டீச்சர் வாயில கைய வச்சுக்கிட்டாங்க.

"பாலத்துல ஆட்டோ சாஞ்சப்ப ரெண்டும் சரிஞ்சிச்சு. புள்ளையும் மூட்டையும். யோசிக்க நேரமில்லக்கா. எங் கையி சொன்ன பேச்சக் கேட்டிருச்சு. மூட்டைய விடல. மூட்டை விழல."

கிஷாந்து ஆட்டோக் கம்பியப் புடிச்சுக்கிட்டு தரையப் பாத்தபடி நிக்குறான்.

"புள்ளைய எங் கையில தூக்கிக் குடுத்துட்டு, ஆளுங்க ஓடி வாரதுக்குள்ள மூட்டையத் தேயிலைக்குள்ள தள்ளி மறைச்சாரு. சாமான் ஏத்துனது தெரிஞ்சா லைசன் போயிரும், ஆட்டோவ இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க, நான் உள்ள போயிருவேன், கை நழுவிருச்சுன்னு சொல்லு நிலா, இந்த ஒரு தடவை சொல்லுன்னு எங் கால்ல விழுந்தாரு. சொன்னேன். எங்க வீட்டுக்காரர காப்பாத்தத்தான் சொன்னேன். போலீசுக்குத்தான சொன்னேன்?" அவ சத்தம் ஒடைஞ்சிருச்சு. "வீட்டுக்குள்ள யாரு சொல்லச் சொன்னது? ஒங்கம்மா என்னையக் கைநழுவுனவன்னு கூப்புடறப்ப, இல்லம்மா, அப்புடி இல்லன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. சோத்தத் தின்னுக்கிட்டு கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"நான் என்னா செய்யட்டும் நிலா"ன்னான் அவன். அழுகுறான். எனக்கு அவன் அழுகையப் பாத்ததும் எரிச்சல்தான் வந்திச்சு. சின்னதுல எம் மடியில ஒண்ணுக்குப் போன பய. எட்டி ஒரு அறை விட்டேன் கன்னத்துல. டீச்சர் வீடுன்னு பாக்கல, ரோட்டுல ஆளுங்க போறாங்கன்னு பாக்கல. அவன் தடுக்கவும் இல்ல.

"எதுக்கு அந்த சீட்டு கேட்டேன் தெரியுமா?"ன்னா நிலக்ஷி. "நாளைக்கும் நீங்க எங் கையில இன்னொரு மூட்டையக் குடுப்பீங்க. நானும் புடிச்சுக்கிருவேன், அப்புடித்தான வளத்துருக்காங்க. புள்ளையாவது கட்டுல இருக்கும்ல, அதுக்குத்தான்."

மழை தூற ஆரம்பிச்சிச்சு. டீச்சர்தான் மெதுவாச் சொன்னாங்க. "பிள்ளை, நீங்கள் இதைக் கொண்டு போங்கோ. வண்டியும் கொண்டு போங்கோ. எனக்குக் காசு வேண்டாம்."

"சும்மா வேணாங்க டீச்சர். வண்டியும் வேணாம். சீட்டு மட்டும் எவ்வளவுன்னு சொல்லுங்க."

"பிரிச்சு விக்க மனமில்லாமல் இருந்தனான். சரி. பதினைஞ்சு தாருங்கோ."

நிலக்ஷி இடுப்புல முடிஞ்சிருந்தத அவுத்தா. அவ மாசாமாசம் காசுச் சீட்டுக் கட்டி எடுத்த பணம், பேறுகாலத்துக்குன்னு வச்சிருந்தது. கிஷாந்து மூக்கத் தொடைச்சுக்கிட்டு, "அதான் ஆட்டோவுல பூட்ட முடியாதாமே, எதுக்கு நிலா காசப் போட்டுக்கிட்டு"ன்னான். பாருங்க, அப்பவும் அவனுக்கு அதுதான் பேச்சு.

"நான் வாங்கறேன்"னா அவ.

"கராஜில கேட்டுப் பாருங்கோ, பெல்ற் அடிச்சுத் தருவினம்"னு டீச்சர் அவன்கிட்டச் சொன்னாங்க. அவன் தலையாட்டுனான்.

நாங்க பஸ்ஸுலதான் திரும்புனோம். சீட்டு அவ மடியில. பக்கத்துல ஒரு கெழவி, கையில கோழிக்குஞ்சுக் கூடையோட ஒக்காந்திருந்திச்சு. "இது என்னாம்மா, இப்புடி ஒரு சாமானு?"ன்னு கேட்டிச்சு. புள்ளைய வைக்கறதுன்னு சொல்லி முடிச்சிருவான்னு பாத்தேன். நிலக்ஷி திரும்பி, பொறுமையா, மொதல்ல இருந்து சொன்னா. ஊசி, மழை, மூட்டை, பாலம், போலீசு, எல்லாம். பஸ்ஸுல முன்னால இருந்தவங்களும் திரும்பிக் கேட்டாங்க. கெழவி கூடையக் கீழ வச்சுட்டு அவ தலையத் தடவுச்சு. எனக்கு அப்பத்தான் வெளங்கிச்சு, அந்தக் காச இவ எதுக்குக் குடுத்தான்னு.

படி ஏறும்போது நான் தூக்கறேன்னேன், குடுக்கல. வயித்துக்கு மேல சீட்டத் தூக்கி வச்சுக்கிட்டு தொண்ணூத்தி நாலு படியும் நின்னு நின்னு ஏறுனா. வீட்டுக்கு முன்னால இஸ்தோப்புத் திண்ணையில, வாரவங்க போறவங்க கண்ணுல படற மாதிரி, ஒரு ஸ்டூலுக்கு மேல அத வச்சா.

ராசம்மாக்கா வெளிய வந்திச்சு. "வாங்கிட்டியா? சொன்னது காதுல ஏறலையா? எதுக்குடி இங்க வச்சிருக்க, எதுக்கு இது?"

"ஒங்க மகன் மூட்டையப் புடிக்கச் சொல்லுவாரு மாமி. அப்ப புள்ளையக் கட்டி வைக்க."

ராசம்மாக்கா மொகத்துல ரத்தம் வத்திருச்சு. அதுக்கு இது புதுசா இருக்கும், மார்ல அடிச்சுக்கிட்டு அழுகும், மகன வெளக்குமாத்தால விளாசும்னு நெனச்சேன் நான். அது ரெண்டு பக்கமும் பாத்துட்டு, "மெல்லப் பேசுடி"ன்னுச்சு.

நான் கேட்டேன், "ராசம்மாக்கா, ஒனக்குத் தெரியுமா?"

அது சீட்டத் தூக்கப் போச்சு, நான் மறிச்சேன்.

"தெரியுமா தெரியாதா?"

"புள்ளைய அடக்கம் பண்ணுன மறுநாளு நாந்தான் போயி அந்த மூட்டைய எடுத்தாந்தேன்"னுச்சு. "தேயிலைக்குள்ள மழையில கெடந்திச்சு. விட்டா கரைஞ்சு போயிருமேன்னு. செத்தது செத்துப் போச்சு. இருக்கறவன் பொழைக்க வேணாமா? அவன் உள்ள போயிருந்தா எங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துறது, நீ ஊத்துவியா?"

"அது போலீசுக்கு மாமி"ன்னா நிலக்ஷி. "என்னைய எதுக்குச் சொன்னீங்க?"

ராசம்மாக்கா கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருச்சு. "வெளிய சொல்ல ஆரம்பிச்சேன்டி. மகனுக்காகச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்புடித்தான்னு ஆகிப்போச்சு."

ஒருத்தருக்கு இதுக்கு மேல என்னா ஆத்திரம் வரும்? நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன், இங்க சொல்லவும் முடியாது. ஆனா கேட்டுக்கிட்டு இருக்கும்போதே எனக்கு நெஞ்சு சுட்டுச்சு. அந்த வருசம் லயத்துலயே ராசம்மாக்கா வீட்டு லீக்ஸ்தான் கையி தடிக்கு வெளைஞ்சிச்சு. நானுந்தான் ரெண்டு கட்டு வாங்கிட்டு வந்து கொழம்பு வச்சேன். கைநழுவுனவன்னு நானுந்தான் சொன்னேன்.

அடுத்த ஒரு மாசம் அந்த சீட்டு அங்கனயேதான் இருந்திச்சு. ராசம்மாக்கா ரெண்டு தடவை உள்ள தூக்கி வச்சிச்சு, நிலக்ஷி ரெண்டு தடவையும் வெளிய கொண்டாந்து வச்சா. எங்க தோட்டத்துல அப்புடி ஒரு சாமான் யாரும் பாத்ததில்ல, பாக்காம போறவங்க இல்ல, கேக்காம போறவங்களும் இல்ல. விறகு கொண்டு போறவ கேட்டா. தபால்காரரு கேட்டாரு. கோயில் பூசாரி மூக்கன் கேட்டாரு. மலைக்குக் கீழ இருக்கற கீழ்க்கணக்கு லயங்கள்ல இருந்தெல்லாம் பொம்பளைங்க சாக்குச் சொல்லிக்கிட்டு வந்து கேட்டாளுக. எல்லாருக்கும் ஒரே பதிலு, ஒரு வார்த்த கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. பீலியில இப்ப ராசம்மாக்கா ஆளுங்க போன பெறகுதான் தண்ணிக்குப் போகுது.

ஒரு நா நான் எம் பேரனத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போனேன். "இந்தாடி, கொஞ்சம் வச்சிரு"ன்னு நீட்டுனேன். நிலக்ஷி அவனப் பாத்தா. கன்னத்துல ஒரு வெரலால தொட்டா.

"சளி புடிச்சிரும்க்கா"ன்னுட்டு உள்ள போயிட்டா.

எனக்கு வேணும் அது. கோவப்பட எனக்கு என்னா யோக்கியத இருக்கு?

கிஷாந்து ஹட்டனுக்குப் போயி கராஜுல ஆட்டோவுக்குப் பின்னால பெல்ட் அடிச்சுக்கிட்டு வந்தான். சீட்ட வச்சு இறுக்கிக் காட்டுனான். மரத்துல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. நிலக்ஷி வந்து ஆட்டிப் பாத்தா, "நல்லா இருக்கு"ன்னா, சீட்டக் கழட்டித் திரும்பவும் ஸ்டூலுக்கு மேலயே கொண்டாந்து வச்சா. அவன் நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். "இன்னும் நான் என்னாதான் செய்யணும்?"னான். அவ கிளினிக்குக்கு என்னையக் கூப்புட்டுக்கிட்டு பஸ்ஸுலதான் போனா.

போன புதன்கெழமை. வேலை விட்டு வந்து நான் அடுப்புப் பத்த வச்சுக்கிட்டு இருந்தேன். வெளிய நல்ல காத்து, தகரம் அடிச்சுக்குது. நிலக்ஷி அவங்க அடுப்படியில மாவு பெசையுற சத்தம் கேக்குது. ராசம்மாக்கா உள்ள படுத்திருந்திச்சு. கிஷாந்து மட்டும் இஸ்தோப்புல ஒக்காந்திருந்தான். அப்ப கணேசமூர்த்தி கணக்கப்புள்ள அந்தப் பக்கம் வந்தாரு. கூட, காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு குடுத்து நிக்கற ஆம்பளைங்க ரெண்டு மூனு பேரு. அவரு வேற தோட்டத்துல இருந்து இப்பத்தான் மாறி வந்தவரு, இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

"என்னா தம்பி இது, விண்வெளிக்குப் போற சாமான் மாதிரி இருக்கு?"ன்னாரு.

கூட வந்தவங்க சிரிக்கல. அவங்களுக்குத் தெரியும்.

அங்கிட்டு மாவு பெசையுற சத்தம் நின்னுச்சு. அவ வெளிய வருவா, சொல்லுவான்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. எங் கதவு வழியாத் தெரியுது, கணக்கப்புள்ள காத்துல தொப்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

"புள்ளைய வைக்கறதுங்க"ன்னான் கிஷாந்து.

"அடேயப்பா. இதுக்குள்ளயா? எதுக்கு, கையில தூக்கிக்கிட்டா என்னா?"

கிஷாந்து எந்திரிச்சு நின்ன சத்தம் கேட்டிச்சு.

"எம் பொஞ்சாதி நல்லாத்தான் தூக்குவாங்க. அவங்க கையி நழுவல. அந்தக் கையில நாந்தான் ஒர மூட்டையக் குடுத்தேன். எம் மூத்த புள்ளைய நாந்தாங்க கொன்னேன்."

தகரம் மட்டும் அடிச்சுக்கிட்டு இருந்திச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு சுவருக்கு அங்கிட்டு நிலக்ஷி திரும்பவும் மாவு பெசைய ஆரம்பிச்சா.